இடிந்த மடமும் எஞ்சிய தூணும்

இடிந்த மாளிகை என்றவுடன் நம் நினைவில் எழுவோர் அரசர்களே. ஹைதராபாத்தில் வாழும் தமிழர், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அவர்களைக் கோல்கொண்டாவுக்கு அழைத்துச் செல்வர். கூரையிழந்த அந்தப்புரத்தையும் காற்று வீசும் கொலுமண்டபத்தையும் காட்டி, குதுப்ஷாகி மன்னர்களின் கதையைக் கூறுவர். ஆனால் இடைக்காலத்தில் அரசர்க்கு மட்டுமா மாளிகை இருந்தது? அரசர் எவர்முன் தலைவணங்கினரோ, அந்தக் குருமார்க்கும் மாளிகைகள் இருந்தன. அவற்றின் வரலாறு நம்மில் பலர் அறியாதது. அதனையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

மேனாடுகளில் இத்தகைய மாளிகைகள் புகழ்பெற்றவை. வேல்ஸ் நாட்டின் மேற்குக் கோடியில் செயின்ட் டேவிட்ஸ் என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள பெருங்கோயிலுக்கு எதிரே, சிற்றோடைக்கு அப்பால், ஆயரின் மாளிகை இடிந்து நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஆயராக விளங்கிய ஹென்றி டி கோவர் அதனை விரிவுபடுத்தினார். ஆயரும் அவருடைய சுற்றத்தாரும் பயன்படுத்த ஒரு கூடம், விருந்தினரை வரவேற்க அதனினும் பெரிய மற்றொரு கூடம், இரண்டின் மதில் விளிம்பிலும் வரிசையாய் வளைவுகள் என்று அம்மாளிகை அமைந்தது. ஆயர் என்பவர் சமயத் தலைவர் மட்டுமல்லர், நிலத்தலைவருமாவார். ஊர்கள் அவருக்கு வரி செலுத்தின. வழக்குகள் அவர்முன் வந்தன. 16ஆம் நூற்றாண்டில் பார்லோ என்னும் ஆயர், தம் ஐந்து பெண்களின் சீர்வரிசைக்காகக் கூரையின் ஈயத்தைப் பெயர்த்து விற்றார் என்று ஒரு கதை அங்கு வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், கூரை போன மாளிகை மழைக்குத் தாங்கவில்லை.

இதனைப் போன்ற ஒன்று நம் நாட்டில் உண்டா என்னும் வினாவுக்கு விடை, எதிர்பாராத வகையில், அமீர்பேட்டில் நாம் குடியிருக்கும் தெருவிலேயே நமக்குக் கிடைத்தது. நம் அடுத்த வீட்டு நண்பர் தெலுங்கர்; ஆந்திர அரசின் செயலகத்தில் பணிபுரிபவர். 2014இல் மாநிலம் இரண்டாகப் பிரிந்தது. 2016இல் செயலகம் கிருஷ்ணையாற்றின் தென்கரையிலுள்ள வெலகபூடி என்னும் ஊருக்கு மாறியது. பதினைந்தாண்டுகள் நமக்கு அண்டையிலிருந்தவர் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். சில மாதங்கள் சென்றபின் தொலைபேசியில் பேசினார். “அலுவலகத்துக்குப் பக்கத்து ஊரிலே ஒரு கருங்கல் தூண் நிற்கிறது, மேலே நந்தி, பக்கங்களிலெல்லாம் எழுத்து. கல்வெட்டு என்றால் உங்களுக்குப் பிடிக்குமே, ஒருமுறை வாருங்கள் சார்” என்றார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேறென்ன வேண்டும்? அடுத்த விடுமுறையில் புறப்பட்டோம்.

அவர் காட்டிய ஊர் மல்காபுரம். அந்தத் தூண், வரலாற்றறிஞர் நன்கறிந்த மல்காபுரக் கல்வெட்டு. சகம் 1183, அதாவது கி.பி. 1261இல், காகதீய அரசி ருத்ரமதேவியின் காலத்தில் அது பொறிக்கப்பட்டது. அதில் தானமாகக் கூறப்படும் ஊர்கள் இரண்டு: ஒன்று மந்தரம், இன்றைய மந்தடம், மற்றொன்று வெலங்கபூடி, இன்றைய வெலகபூடி. நம் நண்பர் நாள்தோறும் கோப்புகளைப் பார்க்கும் அந்த மண், எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சைவத் துறவியின் ஆட்சிக்கு விடப்பட்ட மண்ணாகும். அத்துறவியின் பெயர் விசுவேசுவர சம்பு. ருத்ரமதேவியின் தந்தை கணபதி தேவருக்குத் தீக்கை அளித்த அரச குரு அவர்.

விசுவேசுவர சம்பு தெலுங்கு நாட்டிற் பிறந்தவரல்லர். வங்கத்தைச் சேர்ந்த ராட நாட்டவர். அவருடைய குரு மரபோ நருமதைக்கரையிலிருந்து வந்தது. ஆதலின் அவரை அறிய நாம் முதலில் வடக்கே, கங்கைக்கும் நருமதைக்கும் இடைப்பட்ட டாகல நாட்டுக்குச் செல்லவேண்டும்.

10ஆம் நூற்றாண்டில் அந்நாட்டைக் காலச்சூரி மன்னர் ஆண்டனர். முதலாம் யுவராச தேவன் என்னும் மன்னன் சைவ ஆசாரியர்களைத் தன் நாட்டுக்கு அழைத்துப் போற்றினான். அவன் சத்பாவ சம்பு என்னும் குருவுக்கு மூன்று இலட்சம் ஊர்களை அளித்தான் என்று மல்காபுரத் தூண் கூறுகிறது. எண்ணிக்கையைப் புலவர் வாக்கென்று கொள்ளலாம். கொடை பெரிது என்பதே கருத்து. அந்தக் கொடையைக் கொண்டு நிறுவப்பெற்றதுதான் கோளகி மடம். கோளகம் என்றால் வட்டம். வட்ட வடிவான ஒரு கோயிலையொட்டி எழுந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். அது நின்ற இடம் ரேவாவுக்கு அருகிலுள்ள குர்கியா, ஜபல்பூருக்கு அருகிலுள்ள பேடாகாட்டா என்று அறிஞர் வாதிடுகின்றனர்.

தலைமடம் நின்ற இடம் வாதத்துக்கு உரியதாயினும், அதே காலத்தில் அதே நாட்டில் சைவ ஆசாரியர்கள் கட்டிய மடமொன்றை இன்றும் கண்ணாற் காணலாம். மத்தியப் பிரதேசத்தில், சீதி மாவட்டத்தில், சோணை ஆறும் பனாசு ஆறும் கூடும் இடத்துக்கு அருகே சந்திரேகி என்னும் ஊரில் அது நிற்கிறது. வட்டவடிவான சிவன் கோயில் ஒன்று. அதன் அருகே கல்லாலான மடம். நடுவே முற்றம், சுற்றிலும் தூண் நிறைந்த தாழ்வாரம், அதனையொட்டிச் சிறியனவும் பெரியனவுமான அறைகள். ஒரு பகுதி சரிந்துவிட்டது. எஞ்சிய பகுதி உறுதியாக நிற்கிறது. சுவரிலுள்ள கல்வெட்டு காலச்சூரி ஆண்டு 724, அதாவது கி.பி. 973ஐ ஒட்டியது. கோயிலைக் கட்டியவர் பிரசாந்த சிவர். மடத்தைக் கட்டியவர் அவருடைய மாணவர் பிரபோத சிவர்.

இந்தக் கல்வெட்டில் இரண்டு செய்திகள் சிந்தனைக்கு உரியவை. குருவாகிய பிரசாந்த சிவர் கனிகளையும் தாமரைத் தண்டையும் கிழங்கையும் உண்டு தவமியற்றினார் என்று அது கூறுகிறது. மாணவராகிய பிரபோத சிவரோ மலைப்பாறைகளை உடைத்து, ஆறுகளையும் காடுகளையும் கடந்து செல்லும் வழியொன்றை அமைத்தார்; நீர்நிலை தோண்டினார். கிழங்குண்டு வாழ்ந்தவரின் மாணவர் ஒரே தலைமுறையில் சாலையும் கல்மடமும் சமைக்கும் ஆற்றல் பெற்றார். துறவுக்கு அரசின் துணை கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு இது சான்றாகும். அதன் நன்மையும் தீமையும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

குரு மரபு தெற்கு நோக்கிப் பெருகியது. சத்பாவ சம்புவின் வழியில் வந்த சோம சம்பு இயற்றிய கிரியை நூல் தமிழ்நாட்டுச் சைவர்க்கும் வழிகாட்டியாயிற்று. பின்வந்தவர்களுள் விமல சிவர் கேரளத்தவர் என்று மல்காபுரத் தூண் கூறும். வங்கத்தவரும் கேரளத்தவரும் ஒரே ஆசனத்தில் அடுத்தடுத்து அமர்ந்தனர் என்றால், பிறந்த ஊர் அங்குத் தடையாக இருக்கவில்லை என்பது தெளிவு. காகதீய மன்னனே அன்றிச் சோழ, மாளவ, காலச்சூரி மன்னரும் விசுவேசுவர சம்புவின் மாணவர் என்று அத்தூண் அவரைப் புகழ்கிறது.

இனி மல்காபுரத்துக்கு மீள்வோம். மந்தரத்தைக் குருவுக்கு அளிப்பதாகக் கணபதி தேவர் வாக்களித்தார். அந்த வாக்கை முறையான சாசனமாக்கி, வெலங்கபூடியையும் ஆற்றிடைத் திட்டுகளான லங்கை நிலங்களையும் சேர்த்து அளித்தவர் மகள் ருத்ரமதேவி. தந்தை சொல்லாக விட்டுச் சென்றதை மகள் கல்லாக்கினார். அந்நிலத்தில் குரு ஒரு கோயில் எடுத்தார், மடம் நிறுவினார், விசுவேசுவர கோளகி என்று தம் பெயரையும் மடத்தின் பெயரையும் இணைத்து ஊரொன்றைச் சமைத்தார். அங்குக் குடியமர்த்தப்பட்டோர் திராவிட தேசத்து அந்தணக் குடும்பத்தினர். வேற்றுநாடு சென்று காணியும் பணியும் பெற்று வேரூன்றிய குடிகள் அக்காலத்திலும் இருந்தனர். நமக்கு அவர்கள் முன்னோடிகள்.

நிலத்தின் வருவாய் மூன்று பங்காக்கப்பட்டது. அதனைக் கொண்டு நடந்தவை எவை என்று பார்த்தால் வியப்பு உண்டாகும். இருக்கு, யசுர், சாமம் ஆகிய மூன்று வேதங்களுக்கும் ஆசிரியர் மூவர். தருக்கம், இலக்கியம், ஆகமம் ஆகியவற்றைக் கற்பிக்க ஐவர். மருத்துவர் ஒருவர். கணக்கெழுத ஒரு காயஸ்தர். கோயிலில் ஆட ஆடல் மகளிர் பதின்மர். பாடுவோரும் முழவு கொட்டுவோரும் வேறு. பொற்கொல்லர், கருமார், தச்சர், குயவர், சிற்பியர், நாவிதர் என்று தொழிலாளர் அனைவருக்கும் இடம் உண்டு. உண்டி வழங்க அறச்சாலை உண்டு. பிணி தீர்க்க ஆரோக்கியசாலை உண்டு. அவற்றோடு பிரசூதிசாலை என்று ஒன்றும் உண்டு. அதாவது பெண்கள் பிள்ளை பெறுவதற்கென்றே அமைந்த இல்லம்.

இச்சொற்களைத் தமிழாக்க நாம் முற்பட்டபோது, ஆரோக்கியசாலைக்கு ஏற்ற சொல் நம் கல்லிலேயே இருப்பதை எண்ணி மகிழ்ந்தோம். காஞ்சிக்கு அருகிலுள்ள திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 1068ஆம் ஆண்டையொட்டியது, பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலையொன்றைக் கூறுகிறது. ஆதுலர்சாலை என்பது அதன் பெயர். மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு நெல்லும் காசும் அங்கு அளந்து வைக்கப்பட்டன. மல்காபுரத்துக்கு இரண்டு நூற்றாண்டு முந்திய ஏற்பாடு இது. ஆனால் பிள்ளைப்பேற்றுக்கெனத் தனி இல்லம் மல்காபுரத்தில் கூறப்படுவது இக்காலத்தவரும் போற்றத்தக்கது. இல்லறம் துறந்த ஒருவர், தாய்மாரின் வேதனையை நினைத்து நிலம் ஒதுக்கியிருக்கிறார்.

அறச்சாலையைப் பற்றித் தூண் கூறும் விதி ஒன்று இன்னும் முக்கியமானது. அந்தணர் முதல் சண்டாளர் ஈறாக எவர் வந்தாலும் சோறு மறுக்கலாகாது என்பதே அது. 1261ஆம் ஆண்டில் இவ்வாறு எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர் என்று நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டுவதில்லை. அக்காலத்தின் வேற்றுமைகள் அக்காலத்தோடு இருந்தன. ஆயினும் பசித்தவனைச் சாதி கேட்டுத் திருப்பி அனுப்பும் உரிமை மடத்துக்கு இல்லை என்று கல்லில் பொறித்தமை சிறிதன்று.

குருவுக்கும் கட்டுப்பாடு உண்டு. மடத்தின் ஆசாரியருக்கு ஆண்டுக்கு நூறு நிஷ்கம் என்று ஊதியம் வரையறுக்கப்பட்டது. நிஷ்கம் என்பது அக்காலப் பொன்நாணயம். அவர் நெறிதவறினால் அவரை விலக்கிவிட்டுத் தக்க ஒருவரை அமர்த்தும் பொறுப்பு அம்மரபைச் சேர்ந்த சைவர்களிடம் விடப்பட்டது. நிறுவியவர் தமக்குப்பின் வருவோரை முழுதும் நம்பிவிடவில்லை. மனித இயல்பை அறிந்தே விதி செய்தார்.

இவ்வளவும் கூறிய நாம் மறுபக்கத்தையும் கூறவேண்டும். ஊரைக் காக்க வீரபத்திரர் என்னும் காவலர் பதின்மர் நியமிக்கப்பட்டனர். அவர்களுடைய கடமைகளுள் உடலுறுப்பைச் சிதைக்கும் கொடிய தண்டனைகளும் அடங்கும். மேலும், ஊரைத் தானமாகக் கொடுத்தவர் அரசி, பெற்றவர் குரு, உழுதவர் யார்? அவர்களுடைய விருப்பத்தை எவரும் கேட்டதாகத் தூணில் இல்லை. எவருக்குச் சோறு என்று எழுதிய கல், அந்தச் சோற்றை விளைவித்தவன் வீட்டில் எவ்வளவு எஞ்சியது என்று எழுதவில்லை. செயின்ட் டேவிட்ஸ் மாளிகையின் எழில் வளைவுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். குருவின் மாளிகை எங்கு எழுந்தாலும் அதன் அடித்தளத்தில் குடியானவனின் வியர்வை உண்டு.

தமிழ்நாட்டிலும் கோளகி மரபினர் பரவினர். 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் கோளகி மடத்துச் சந்தானம், பிட்சா மடத்துச் சந்தானம் என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. மடத்தின் தலைவரை முதலியார் என்று அக்கல்வெட்டுகள் அழைக்கும். அங்கும் மடங்களின் வாழ்வு எப்போதும் அமைதியாக இருக்கவில்லை. மூன்றாம் குலோத்துங்க சோழனின் 22ஆம் ஆட்சியாண்டில், 1200ஆம் ஆண்டளவில், குகையிடி கலகம் ஒன்று நிகழ்ந்ததென்று திருத்துறைப்பூண்டிக் கல்வெட்டு கூறுகிறது. குகை என்பது அங்குத் துறவியர் வாழ்ந்த மடம். மடங்கள் இடிபடுவதற்குக் காலத்தின் கையே எப்போதும் காரணம் என்று கூறமுடியாது.

மல்காபுரத்து மடத்தின் முடிவு அரசின் முடிவோடு பிணைந்தது. 1323இல் டில்லிப் படை ஓரங்கல்லைக் கைப்பற்றியது. காகதீயரின் கடைசி மன்னன் பிரதாபருத்திரன் சிறைப்பட்டான். அரசின் கொடையால் வாழ்ந்த நிறுவனம், அரசு போனபின் எத்தனை நாள் நிற்கும்? கொடுத்த சாசனத்தைக் காப்பதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை இல்லாதபோது நிலம் வேறு கைகளுக்குப் போயிற்று. மடம் மறைந்தது, மருத்துவச் சாலையும் பிள்ளைப்பேற்று இல்லமும் மறைந்தன. நந்தியைத் தாங்கிய தூண் ஒன்றே நின்றது. சந்திரேகியில் கட்டடம் எஞ்சியது. ஆனால் அதனுள் நாள்தோறும் என்ன நடந்தது என்பதை அது விரிவாகச் சொல்வதில்லை. மல்காபுரத்திலோ கட்டடம் போயிற்று. ஆனால் அதன் நோக்கம் ஒரு வரி விடாமல் எஞ்சியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அரச குருவின் மாளிகை முழுமையாகத் தெரிகிறது: சுவரை ஓர் ஊரிலும், உயிரை மற்றோர் ஊரிலும் காண்கிறோம்.

அரசை மட்டும் நம்பாமல் அடியவரையும் நம்பிய மடங்கள் நீடித்து வாழ்ந்தன என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. தருமபுரமும் திருவாவடுதுறையும் இன்றும் வாழ்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசிக்குச் சென்று மடம் அமைத்தார். அம்மரபே பின்னர்த் திருப்பனந்தாளில் வேர்கொண்டது. நருமதைக்கரையிலிருந்து குருமார் தெற்கே வந்ததைப் போல, காவிரிக்கரையிலிருந்து ஒருவர் வடக்கே சென்றார். வழி ஒன்றே, நடந்தவர் பலர்.

தூணைக் கண்டு திரும்பிய மாலையில், கிருஷ்ணைக்கரையில் நண்பருடன் சற்று நின்றோம். 2015இல் புதிய தலைநகருக்காக அப்பகுதியின் 29 ஊர்களில் 30,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் உழவரிடமிருந்து திரட்டப்பட்டது. நண்பர் வயல்வெளியைச் சுட்டிக்காட்டி, “அன்றைக்கு அரசி கொடுத்தாள், இன்றைக்கு உழவர் கொடுத்திருக்கிறார்கள். தூணில் யார் பெயர் வரும்?” என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. ஆயினும் அந்தக் கேள்வி நம்முடன் அமீர்பேட் வரை வந்தது.

அமீர்பேட்டை அறிந்தவர்க்கு ஒன்று விளங்கும். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர் இங்கு வருகின்றனர். கணிப்பொறிப் பயிற்சி நிலையங்கள் மாடிக்கு மாடி நிறைந்திருக்கின்றன. சந்துகளிலெல்லாம் விடுதிகள்; அவற்றையொட்டி உணவகங்கள். கையில் ஒரு பையோடு வந்திறங்கும் பிள்ளைக்கு வேண்டியவை நான்கே: கற்பிக்க ஓர் ஆசிரியர், உண்ணச் சோறு, படுக்க இடம், நோயுற்றால் ஒரு மருத்துவர். விசுவேசுவர சம்பு தம் வருவாயைப் பங்கிட்டபோது எண்ணியவையும் இவையே. இன்று அவை காசுக்குக் கிடைக்கின்றன. காசில்லாத பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. சென்ற ஆண்டு நம் தெரு விடுதியில் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞன் ஒருவன் காய்ச்சலில் மூன்று நாள் தனியே கிடந்தான். நான்காம் நாள்தான் நமக்குச் செய்தி தெரிந்தது. அன்றுமுதல் இத்தெருவிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து, விடுதிப் பிள்ளைகளுள் எவரேனும் நோயுற்றால் கஞ்சி கொடுத்தனுப்புவது என்று ஒரு முறை வைத்துக்கொண்டோம். எந்த ஊர்ப் பிள்ளை, என்ன சாதி என்று கேட்பதில்லை. தமிழ்ப் பிள்ளையா என்றும் கேட்பதில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள், தாம் இருக்கும் ஊரின் அருகே இத்தகைய இடிபாடு ஒன்று உளதா என்று விசாரித்துப் பார்க்கவேண்டுகிறோம். போபாலிலோ ஜபல்பூரிலோ இருப்பவர் சந்திரேகியைக் காணலாம். விஜயவாடாவிலும் குண்டூரிலும் இருப்பவர்க்கு மல்காபுரம் அரைநாள் பயணம். அங்கு நிற்கும்போது, இதைக் கட்டியவர் யார் என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், இங்கு எவருக்குச் சோறு கிடைத்தது என்றும், அதை எவர் விளைவித்தார் என்றும் கேட்கவேண்டும். அவ்விரு கேள்விகளுக்கும் நேர்மையாக விடை தேடுவோர்க்கு, கூரையில்லாத மாளிகையும் ஒரு பள்ளிக்கூடமாகும்.